பதினெட்டாம் நூற்றாண்டு டேனிஷ் தங்க நாணயங்கள்: எங்கே தொடங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

டென்மார்க்கில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் கேட்டது இது: "இதுவரை இந்திய நாணயங்கள்தான் சேர்த்துவந்தேன். இங்கே ஏலங்களில் 1700களின் டேனிஷ் தங்க நாணயங்கள் அடிக்கடி வருகின்றன. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி, சின்னதாக, மெல்லியதாக இருக்கின்றன. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? முதலில் எதை வாங்கலாம்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலீடாக நினைக்கலாமா? பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தால் சிக்கல் வருமா?"

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் நாணயத்தை வாங்கக்கூடாது என்பது என் கருத்து. அதைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் முதலில் நாணயங்களைப் பற்றிப் பேசிவிடலாம்.

ஒரு டேனிஷ் தங்க நாணயம் கைக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது? இதை எங்கே செலவழிப்பதற்காக அடித்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் விலைக்கான காரணம் பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும். அரசரின் பெயர், ஆண்டு, அச்சு வேறுபாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அன்றைய டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. நார்வேயில் கோங்ஸ்பெர்க் என்ற இடத்தில் 1623ல் வெள்ளி கிடைத்தது. அதனால் அந்த நாட்டுப் பணம் என்றாலே வெள்ளிதான். கணக்கு வழக்கு எல்லாம் ரிக்ஸ்டேலர், மார்க், ஸ்கில்லிங்கில் நடந்தது: 16 ஸ்கில்லிங் ஒரு மார்க், 6 மார்க் ஒரு ரிக்ஸ்டேலர். தங்கம் உள்ளூரில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கிடைக்கவில்லை. வெளியே போய் வாங்கிவர வேண்டியிருந்தது, அல்லது வணிகத்தில் வந்து சேர வேண்டியிருந்தது. ஆகவே அங்கே தங்க நாணயம் அடித்தார்கள் என்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கும். வெளிநாட்டு வணிகருக்குக் கொடுக்க, கஜானாவின் நெருக்கடியைச் சமாளிக்க, அல்லது "பாருங்கள், எங்கள் கப்பல்கள் இவ்வளவு தூரம் போய்வருகின்றன" என்று காட்ட.

வெளிநாட்டு வணிகருக்கான நாணயம் டூகட். ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியான எடை அதற்கு உண்டு. கொலோன் மார்க் என்பது 233.86 கிராம் அளவுள்ள பழைய ஜெர்மானிய எடை. அந்த எடைத் தங்கத்திலிருந்து 67 டூகட் அடிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 3.49 கிராம். மாற்று, அதாவது தங்கத்தின் சுத்த அளவு, 23 காரட்டுக்கு மேல், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். டச்சுக்காரர்கள் இதைக் குவியல் குவியலாக அடித்துப் பால்டிக் கடல் முழுக்கப் புழங்கவிட்டார்கள். டேனிஷ் டூகட் அந்தக் கூட்டத்தில் சின்னப் பங்காளிதான். அதனால்தான் இன்று டச்சு டூகட் சுலபமாகக் கிடைக்கிறது, டேனிஷ் டூகட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

உள்ளூர்ச் செலவுக்கான தங்கத்துக்கு குரண்ட்டூகட் என்று பெயர். டூகட் என்ற பெயர் இருந்தாலும் இது வேறு சரக்கு. மாற்று 21 காரட் மட்டும். ஒரு கொலோன் மார்க்கிலிருந்து 75 நாணயம், ஒன்று 3.12 கிராம். மதிப்பு 12 மார்க், அதாவது இரண்டு ரிக்ஸ்டேலர் என்று அரசு நிர்ணயித்தது. உள்ளே இருக்கும் சுத்தத் தங்கத்தைக் கணக்குப் போட்டால் 2.73 கிராம் வரும். நல்ல டூகட்டில் 3.4 கிராமுக்கு மேல் இருக்கும். ஐந்து குரண்ட்டூகட்டில் இருக்கும் தங்கம் நான்கு டூகட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாம் வணிகர் இதைத் தராசில் போட்டுத்தான் எடுத்துக்கொள்வார். கோபன்ஹேகன் கடைக்காரர் 12 மார்க் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இது எப்போதெல்லாம் வந்தது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் 1714 முதல் 1717 வரை, நான்காம் ஃபிரடெரிக் ஆட்சியில். சுவீடனோடு நடந்த மாபெரும் வடக்குப் போரின் காலம் அது. அடுத்து 1757 முதல் 1765 வரை, ஐந்தாம் ஃபிரடெரிக் ஆட்சியில். ஏழாண்டுப் போர் ஐரோப்பாவை எரித்துக்கொண்டிருந்தது. டென்மார்க் நடுநிலை வகித்தாலும் படைகளைத் தயாராக வைத்திருக்கும் செலவு கழுத்தை நெரித்தது. 1736ல் தொடங்கிய கோபன்ஹேகன் வங்கி, தன் நோட்டுகளை வெள்ளியாக மாற்றித் தருவதை 1757ல் நிறுத்தியது. 1762ல் ரஷ்யாவின் மூன்றாம் பீட்டர், தன் ஹோல்ஸ்டைன்-கோட்டோர்ப் குடும்பம் டென்மார்க்கிடம் இழந்த ஷ்லெஸ்விக் நிலத்தைக் கேட்டுப் படையெடுக்கத் தயாரானார். அவரை அவருடைய மனைவி கேத்தரினின் ஆட்களே பதவியிலிருந்து இறக்கியதால் டென்மார்க் தப்பியது. மூன்றாவது முறை 1780களின் முதல் பாதியில், ஏழாம் கிறிஸ்டியன் ஆட்சியில். மாற்றுக் குறைந்த இந்தத் தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தால், நாணயம் என்பது அரசாங்கத்தின் பதற்றமும்கூட என்று தெரியும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். "இது முழு மாற்று இல்லையே" என்று பலர் குரண்ட்டூகட்டை ஒதுக்குவதை ஏற்கவே முடியவில்லை.

சரி, நாணயத்தைப் படிப்பது எப்படி? நூற்றாண்டு முழுக்க நான்கே அரசர்கள்: நான்காம் ஃபிரடெரிக் 1699 முதல் 1730 வரை, ஆறாம் கிறிஸ்டியன் 1746 வரை, ஐந்தாம் ஃபிரடெரிக் 1766 வரை, ஏழாம் கிறிஸ்டியன் 1808 வரை. ஃபிரடெரிக், கிறிஸ்டியன் என்று மாறி மாறி வரும். எழுத்து தேய்ந்து பெயர் பாதி போயிருந்தாலும் லத்தீன் கொள்கைவாக்கு கைகொடுக்கும், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. நான்காம் ஃபிரடெரிக்குக்கு "டொமினுஸ் மிஹி அட்யூட்டோர்", ஆண்டவரே எனக்குத் துணை. ஆறாம் கிறிஸ்டியனுக்கு "டேயோ எட் போபுலோ", கடவுளுக்கும் மக்களுக்கும். ஐந்தாம் ஃபிரடெரிக்குக்கு "ப்ரூடென்டியா எட் கான்ஸ்டான்டியா", விவேகமும் உறுதியும். ஏழாம் கிறிஸ்டியனுக்கு "குளோரியா எக்ஸ் அமோரே பாட்ரியே", தாய்நாட்டு அன்பினால் புகழ். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் ஏலத்துக்கு முன் நாணயங்களைப் பார்வைக்கு வைக்கும்போது கேட்டலாக்கைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அரசர் பெயரைத் தொடர்ந்து டென்மார்க், நார்வே, வெண்டர்கள், கோத்தர்கள் (கடைசி இரண்டும் பழைய இனப் பெயர்கள்) ஆகியோரின் அரசர் என்ற பட்டம் சுருக்கெழுத்தில் வரும். அதில் எத்தனை எழுத்து, எங்கே புள்ளி என்பதில் அச்சுக்கு அச்சு வித்தியாசம் உண்டு. தொடக்கத்தில் அதற்குள் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, சின்ன இதயம். எங்காவது ஒரு குட்டி இதயக் குறி இருந்தால் அது கோபன்ஹேகன் நாணயச்சாலை. அதன் பக்கத்தில் நாணயச்சாலைத் தலைவரின் பெயரெழுத்துகள் இருக்கும். நூற்றாண்டின் முதல் பாதியில் கிறிஸ்டியன் வினேக்கேயின் சி.டபிள்யூ. நெடுங்காலம் வரும். நூற்றாண்டின் கடைசியில் எம்.எஃப். என்று கண்டால் அது மிக்கேல் ஃப்ளோர், இடம் ஆல்டோனா. இன்று ஹாம்பர்க் நகரத்தின் ஒரு பகுதியாக இருக்கும் ஆல்டோனா அன்று டேனிஷ் அரசரின் ஊர்.

இனி அந்தப் பெரிய விலை நாணயங்களுக்கு வருகிறேன். கோட்டை படம் போட்ட டூகட்டுகளை ஏலத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் அரசர், மறுபக்கம் கடலோரக் கோட்டை, சிலவற்றில் முன்னால் கப்பல், "கிறிஸ்டியன்ஸ்போர்க்" என்ற பெயர். இந்தக் கோட்டை கோபன்ஹேகனில் இல்லை. ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், இன்றைய கானாவின் தலைநகர் அக்ராவில் இருக்கிறது. ஓசு கோட்டை என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். 1661 முதல் டேனிஷ்காரர்கள் அங்கே இருந்தார்கள். 1850ல் பிரிட்டனுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கோட்டையின் வழியாக வந்த கினித் தங்கத்தை (கினி என்பது அந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் அன்றைய பெயர்) கொண்டு அடித்த டூகட்டுகள் இவை. வணிகத்தை நடத்தியது 1671ல் தொடங்கி 1754ல் முடிந்துபோன மேற்கிந்திய, கினிக் கம்பெனி. நான்காம் ஃபிரடெரிக் காலத்தில் இந்த வகை பலமுறை வந்தது. ஐந்தாம் ஃபிரடெரிக் பட்டத்துக்கு வந்த 1746லும் அடித்தார்கள்.

டேனிஷ் தங்கத்தில் உலகச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் துரத்துவது இதைத்தான். அழகும் உண்டு: இருபது மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள தகட்டில் கொத்தளம், கொடி, அலை எல்லாவற்றையும் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டை எதற்காக நின்றது என்பதை மறைத்து இந்த நாணயத்தைப் பற்றிப் பேச முடியாது. தங்கம் அங்கிருந்து போன சரக்குகளில் ஒன்று. இன்னொரு சரக்கு மனிதர்கள். டேனிஷ் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில் இருப்பார்கள். அடிமை வணிகத்தை நிறுத்தும் அரசாணை 1792ல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1803ல். ஏல விவரணையில் "அரிய கினி டூகட், அற்புதமான கோட்டைக் காட்சி" என்று மட்டும் இருக்கும். இந்த நாணயத்தை வாங்குகிறவர் அந்தக் கோட்டையின் நிலவறைகளைப் பற்றியும் படித்திருக்க வேண்டும், தன் சேகரிப்புக் குறிப்பில் அதையும் எழுதிவைக்க வேண்டும். தங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொன்னேனே, அந்தக் கேள்வியை இங்கே பாதியில் விடக்கூடாது.

கிழக்கிலிருந்து வந்த தங்கமும் உண்டு. 1732ல் அமைந்த ஆசியக் கம்பெனியின் கப்பல்கள் சீனாவுக்குப் போய்த் தேயிலையும் பீங்கானும் கொண்டுவந்தன. ஏழாம் கிறிஸ்டியன் ஆட்சியில் 1771ல் அடித்த ஒரு டூகட்டில் "எக்ஸ் ஆவ்ரோ சினிகோ", சீனத் தங்கத்திலிருந்து, என்றே பொறித்திருக்கிறார்கள். அரிது, விலையும் அதற்கேற்ப. கிறிஸ்டியன் தோர் என்று ஒரு பெரிய நாணயமும் உண்டு. ஆறரை கிராமுக்குச் சற்று மேல் எடை, லூயி தோர் என்ற பிரெஞ்சுத் தங்க நாணயத்தின் வழியில் வந்த அளவு, 1771லும் 1775லும். இவற்றைப் படத்தில் பார்த்துத் திருப்திப்படுவதே பெரும்பாலோருக்கு நல்லது.

(நார்வேத் தங்கம் என்று சொல்லி மூக்குக்கண்ணாடி படம் போட்ட ஒரு புகழ்பெற்ற டூகட் ஏலங்களில் வரும். அது நான்காம் கிறிஸ்டியனின் 1647ஆம் ஆண்டு நாணயம், நம் நூற்றாண்டு அல்ல. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

நூற்றாண்டின் கடைசியில் வரும் ஸ்பீசிஸ்டூகட்டைத்தான் மாணவர்களுக்குக் காட்டச் சொல்வேன், ஏனென்றால் இது தன்னைப் பற்றித் தானே எல்லாம் சொல்லிவிடுகிறது. 1791ல் தொடங்கி 1802 வரை வந்தது. ஒரு பக்கம் காட்டு மனிதன் நிற்கிறான்: இடுப்பில் இலை, கையில் தடி, பக்கத்தில் கேடயம். டேனிஷ் அரச முத்திரையைத் தாங்கி நிற்பவர்களில் ஒருவன் அவன். அரசரின் முகம் கிடையாது. மறுபக்கம் ஒரு சதுரக் கட்டம். அதற்குள் வரிவரியாக எழுத்து: ஒரு ஸ்பீசிஸ் டூகட், ஒரு மார்க் எடைக்கு 67 நாணயம், 23½ காரட், ஆண்டு. அவ்வளவுதான். இந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: 233.86ஐ 67ஆல் வகுத்தால் 3.49. 23½ஐ 24ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 979. எடையையும் மாற்றையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மனநிலை சரியில்லாத அரசர் ஏழாம் கிறிஸ்டியன், அவர் பெயரால் ஆளும் அமைச்சர்கள், நோட்டின் மதிப்பு மீது சந்தேகம் என்று இருந்த காலத்தில், "முகத்தை நம்ப வேண்டாம், எடையை நம்புங்கள்" என்று சொல்வது போன்ற நாணயம் வந்தது பொருத்தமாகவே படுகிறது.

முதலில் எதை வாங்குவது? ஐந்தாம் ஃபிரடெரிக்கின் 12 மார்க் குரண்ட்டூகட். 1757க்கும் 1765க்கும் இடையில் எந்த ஆண்டானாலும் சரி. இந்த நூற்றாண்டின் டேனிஷ் தங்கத்தில் அடிக்கடி கண்ணில் படுவது இது. அடிக்கடி வருவதால் நல்லது கெட்டதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பத்து நாணயங்களைப் படத்திலும் நேரிலும் பார்த்துவிட்டுப் பதினோராவதை வாங்கலாம். அரிய வகையில் அந்த வசதி கிடையாது, வந்ததை வாங்கு அல்லது விடு என்றுதான் இருக்கும். இரண்டாவதாக ஸ்பீசிஸ்டூகட் ஒன்று. இந்த இரண்டும் கையில் இருந்தால், நான் முன்னே சொன்ன இரண்டு வகைத் தங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிறத்திலேயே தெரியும்: ஸ்பீசிஸ்டூகட் நல்ல அடர் மஞ்சளாக இருக்கும், குரண்ட்டூகட்டில் கலப்பு உலோகத்தின் சாயல் தட்டும். அதன் பிறகு நான்கு அரசருக்கும் ஒவ்வொன்று என்று போகலாம். ஆறாம் கிறிஸ்டியன்தான் கஷ்டமாக இருப்பார்.

ஒவ்வொரு ஆண்டையும் நிரப்பும் சேகரிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பணம் போகும் அளவுக்கு அறிவு வளராது.

நிலைமை, அதாவது நாணயம் எப்படி இருக்கிறது என்பது, விலையைப் பாதியாக்கும் அல்லது மூன்று மடங்காக்கும். டேனிஷ் ஏலங்களில் தரக்குறி வேறு மாதிரி: எண் குறைந்தால் தரம் உயர்வு. 0 என்றால் புழங்காதது, 01 அதற்கடுத்து, பிறகு 1+, 1, 1− என்று இறங்கும். அமெரிக்க முறையில் 70 வரை ஏறும் எண்களுக்குப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஏமாறுவார்கள். "1" என்று போட்டிருந்தால் முதல் தரம் என்று அர்த்தமில்லை, நன்றாகவே புழங்கிய நாணயம்.

டூகட்டுக்கென்று சில வியாதிகள் உண்டு. முதலாவது, காது வைத்தது. நம் ஊர் காசுமாலை போலவே அங்கேயும் தங்கக் காசை வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிறகு வளையத்தை அறுத்துவிட்டு விற்றிருக்கிறார்கள். விளிம்பில், பெரும்பாலும் அரசர் தலைக்கு நேர் மேலே, பற்றவைத்த தடம் இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. நாணயத்தை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் விளிம்பின் கோடுகள் மழுங்கி, நிறம் லேசாக மாறியிருந்தால் அதுதான். சிலவற்றில் ராவி, மெருகேற்றி, எழுத்தைத் திரும்ப வெட்டியும் வைத்திருப்பார்கள். அந்தப் பகுதியின் எழுத்து மற்ற எழுத்துகளைவிடக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் தேய்மானம் ஓரிடத்தை மட்டும் விட்டுவைக்காது.

இரண்டாவது, வளைவு. டூகட் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகடு, அதுவும் மென்மையான தங்கம். பல்லால் கடித்தால்கூடத் தடம் விழும். நெளிந்ததைத் தட்டி நேராக்கியிருப்பார்கள். கண்ணாடி மேல் வைத்து ஒரு ஓரத்தை விரலால் அழுத்துங்கள், ஆடினால் நெளிவு இருக்கிறது. லேசான நெளிவு குற்றமில்லை, விலையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, சுத்தம் செய்தது. தங்கம் கறுக்காது என்ற நம்பிக்கையில் துணியால் தேய்த்துவிடுவார்கள். விளக்கின் கீழ் சாய்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் பளிச்சிடும். நான் காது வைத்ததைக்கூட மன்னிப்பேன், அது ஒருவர் ஆசையாக அணிந்ததன் அடையாளம். தேய்த்துப் பாழாக்கியதை வாங்க மனம் வராது.

போலி விஷயத்துக்கு வருவோம். எடையும் அடர்த்தியும் முதல் வடிகட்டி. 0.001 கிராம் காட்டும் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம், 0.01 தராசும் போதாது. ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 979 மாற்றுள்ள 3.49 கிராம் டூகட்டுக்கு 0.185 கிராம் அளவில் வர வேண்டும், அடர்த்தி 18.9 பக்கம். குரண்ட்டூகட்டுக்கு அடர்த்தி 17ஐ ஒட்டி இருக்கும். கலப்பில் செம்பு அதிகமா வெள்ளி அதிகமா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். 0.01 தராசு ஏன் போதாது என்று இப்போது தெரியும்: அது 0.18 என்றோ 0.19 என்றோதான் காட்டும், வகுத்தால் 19.4க்கும் 18.4க்கும் இடையில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் நல்ல தங்கத்தில் சரியான எடைக்குச் செய்த போலியை இந்தச் சோதனை பிடிக்காது. நாணயத்தின் விலை தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு இருக்கும்போது, நல்ல தங்கத்தைப் போட்டே போலி செய்ய லாபம் இருக்கிறது. அங்கே அச்சு ஒப்பீடுதான் வழி. ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் படங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அதே ஆண்டு, அதே வகையில் சந்தேகமற்ற நாலைந்து நாணயங்களின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து மகுடத்தின் எந்த முனைக்கு நேராக வருகிறது, ஆண்டின் கடைசி இலக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வார்ப்பில் செய்த போலியில் எழுத்தின் அடிப்பகுதி உருகிய மெழுகு மாதிரி வட்டமாக இருக்கும், சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அச்சில் அடித்ததில் எழுத்து தளத்திலிருந்து வெடுக்கென்று எழும். ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பள்ளம் உள்ள இரண்டு நாணயங்களைக் கண்டால் இரண்டையும் தொடாதீர்கள்.

ஏலக் குறிப்புகளில் ஹெடே, ஷோ, சீக், ஃபிரீட்பெர்க் என்ற பெயர்களோடு எண்கள் வரும். இவை கேட்டலாக் எண்கள். ஹெடே வகைக்கு, ஷோ நுண்ணிய அச்சு வேறுபாட்டுக்கு, சீக் டென்மார்க்கின் அன்றாடப் புழக்கத்துக்கு, ஃபிரீட்பெர்க் உலகத் தங்கத்துக்கு. தொடக்கத்தில் ஹெடே எண் ஒன்று போதும்.

வாங்குமிடம் பற்றி. நீங்கள் டென்மார்க்கில் இருப்பது பெரிய வசதி. கோபன்ஹேகனின் புரூன் ராஸ்முசென் ஏலங்களில் நாணயங்களை முன்பார்வையில் நேரில் பார்க்கலாம். பார்க்க வேண்டும். ஏலத்தில் சுத்தியல் விழும் விலை உங்கள் விலை அல்ல. அதன் மேல் கமிஷன் சேரும், கால் பங்கு அளவுக்குக்கூடப் போகும். மனதில் வைத்திருக்கும் உச்ச விலையிலிருந்து அதைக் கழித்துவிட்டுக் கை தூக்குங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். கண்ணைப் பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது இந்தச் சந்தையில் ஒரு விசேஷ காலம். லார்ஸ் எமில் புரூன் என்று ஒருவர் (மேலே சொன்ன ஏல நிறுவனம் வேறு), வெண்ணெய் வணிகத்தில் செல்வம் சேர்த்தவர், 1923ல் இறந்தார். ஏறக்குறைய 20,000 நாணயங்கள், பதக்கங்கள், நோட்டுகள் அவரிடம் இருந்தன. முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்து, தேசியச் சேகரிப்புக்கு ஏதாவது நேர்ந்தால் மாற்றாகத் தன் சேகரிப்பு இருக்கட்டும், நூறு ஆண்டுகள் தொடக்கூடாது என்று உயில் எழுதினார். நூறு ஆண்டு முடிந்து, 2024 செப்டம்பரில் முதல் ஏலம் கோபன்ஹேகனில் நடந்தது. 1496ஆம் ஆண்டில் ஹான்ஸ் அரசர் அடித்த, நோபிள் என்ற வகைத் தங்க நாணயம் ஒன்று மட்டும் 12 லட்சம் யூரோவுக்குப் போனது. ஏலத்துக்கு முன்பே தேசிய அருங்காட்சியகம் ஏழு நாணயங்களைத் தனியாக வாங்கிக்கொண்டது. விற்பனை பகுதி பகுதியாகத் தொடர்கிறது. ஒரு நூற்றாண்டாக யார் கண்ணிலும் படாத நாணயங்கள் வருவதால் படங்களைப் பார்த்துப் படிக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆனால் புரூன் பெயருக்காகவே ஒரு தொகை கூடும். முதல் நாணயத்தை அங்கே வாங்காதீர்கள். ஏலச் சூட்டில் நிதானம் போய்விடும்.

ஒன்றை மறக்காதீர்கள். டென்மார்க் மண்ணில் கிடைத்த தங்க நாணயம் என்று யாராவது தனியாக விற்க வந்தால் நகர்ந்துவிடுங்கள். டேன்ஃபே என்ற சட்டப்படி அப்படிக் கிடைப்பது அரசுடையது. கண்டெடுத்தவர் ஒப்படைத்து வெகுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலீடா என்ற கேள்விக்குச் சட்டமே பாதிப் பதில் சொல்லிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலீட்டுத் தங்கம் என்ற வரிச் சலுகை 1800க்குப் பிறகு அடித்த, 900க்குக் குறையாத மாற்றுள்ள, தங்கத்தின் விலையைவிட 80 சதவீதத்துக்கு மேல் போகாத நாணயங்களுக்கு மட்டும். உங்கள் குரண்ட்டூகட் மூன்று நிபந்தனைகளிலும் தேறாது. ஆண்டு பிந்தியது அல்ல, மாற்று 875, விலை தங்கத்தைவிட எங்கோ. தங்க விலை ஏறினால் இதன் விலை அதே வேகத்தில் ஏறாது. விற்கும்போது மறுபடி கமிஷன் கழியும். தங்கத்தில் பணம் போட வேண்டும் என்றால் தங்கக் கட்டி வாங்குங்கள். இதை வாங்குவது இதைப் படிக்க ஆசை இருந்தால் மட்டும்.

கடைசியாக, சென்னை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தையும் தொல்பொருள் என்கிறது. தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனிநபருக்கு உரிமை இல்லை. அதாவது நீங்கள் கோபன்ஹேகனில் வாங்கிய டூகட்டைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டால், பிறகு கோபன்ஹேகன் ஏலத்துக்குத் திருப்பி அனுப்ப நினைத்தால் இந்தச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியாவுக்குள் டேனிஷ் தங்கத்தை அதன் உண்மை மதிப்புக்கு வாங்கும் ஆட்கள் மிகக் குறைவு. கொண்டுவரும்போது சுங்கத்தில் அறிவித்தே ஆக வேண்டும். பயணிகளுக்கான நகைச் சலுகை நாணயத்துக்குப் பொருந்தாது. ரசீதையும் ஏலப் பக்கத்தின் அச்சுப் பிரதியையும் கூடவே வைத்திருங்கள். என் யோசனை: நீங்கள் அங்கே இருக்கும்வரை நாணயங்களும் அங்கேயே வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். ஊர் திரும்பும் முடிவை எடுக்கும்போது, எது எப்போதும் உங்களோடு இருக்க வேண்டும், எதை விற்கப்போகிறீர்கள் என்று பிரித்து, விற்க வேண்டியதை அங்கேயே விற்றுவிடுங்கள்.

ஒரு வகையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1620ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845ல் அதை ஆங்கிலேயரிடம் விற்கும்வரை அங்கே தங்களுக்கென்று காசு அடித்தார்கள். பெரும்பாலும் ஈயம், செம்பு, வெள்ளி. ஏழாம் கிறிஸ்டியன் பெயரில் தங்கப் பகோடாவும் உண்டு: ஒரு பக்கம் மகுடத்தின் கீழ் அவருடைய பெயரெழுத்து, மறுபக்கம் தென்னிந்திய வராகன் பாணியில் தெய்வ உருவம். இந்திய நாணயம் சேர்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு, ஐரோப்பிய ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிட இதன் தெய்வ உருவம் சரியாக இருக்கிறதா என்று தெரியும். அரிதான நாணயம், அதனால் போலிக்கும் வாய்ப்பு அதிகம். பழைய ஏல வரலாறு இல்லாத ஒன்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆனால் தங்கப் பகோடாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தரங்கம்பாடிச் செப்புக்காசுகளைச் சில நூறு குரோனரில் வாங்கத் தொடங்கலாம். அதே அரசர்களின் அதே பெயரெழுத்துகள் அவற்றிலும் இருக்கின்றன, தங்கத்தில் தவறு செய்வதற்கு முன் செம்பில் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.